மூன்று தோற்றமும் ஒரு பொருளும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதப் புகுவோர் மன்னர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதுதல் வழக்கம். நாம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு மரத்தக்கையில் தொடங்குவது. ஆயினும், நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களுள் பலவற்றின் வாழ்க்கைக்கு அடிப்படையாக விளங்கும் கலையொன்றின் வரலாறு அத்தக்கைக்குள் அடங்கியிருக்கின்றது. தொழிற்கூடத்தில் வரைபடம் பார்த்து வேலை செய்யும் தந்தையரும், பொறியியல் பயிலும் மக்களும் உள்ள இல்லங்களில் இதனைப் படிப்போர் இது நம் கதையே என உணர்வர் என்று நம்புகின்றோம்.

ஒரு பலகையில் மூன்று துளைகள் உள்ளன. ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம். வட்டத்தின் குறுக்களவும், சதுரத்தின் பக்கமும், முக்கோணத்தின் அடியும் உயரமும் ஒரே அளவின. இம்மூன்று துளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, சிறிதும் இடைவெளி இன்றி அடைத்துக்கொண்டு ஊடுருவிச் செல்லத்தக்க ஒரே தக்கையைச் செய்தல் வேண்டும். பெர்லின் நகரில் விளையாட்டுப் பொருள்கள் விற்ற காட்டெல் என்பார் 1790ஆம் ஆண்டில் வெளியிட்ட விற்பனைப் பட்டியலிலேயே இப்புதிர் இடம்பெற்றுள்ளது.

விடை இதுதான். உயரமும் குறுக்களவும் சமமாக உள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்க. அதன் மேல்வட்டத்தில் நடுவே ஒரு விட்டக் கோடு வரைக. அக்கோட்டிலிருந்து இருபுறமும் அடிவட்டத்தின் விளிம்பு வரை சரிவாகச் சீவி விடுக. இப்பொழுது மேலிருந்து பார்த்தால் வட்டம். முன்னிருந்து பார்த்தால் சதுரம். பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். பொருள் ஒன்றே, தோற்றங்கள் மூன்று.

இப்புதிரைத் திருப்பிப் போட்டால் இன்னும் ஆழமான கேள்வி பிறக்கின்றது. ஒரு பொருளின் முன்தோற்றம் வெறுஞ் சதுரம். மேல்தோற்றமும் வெறுஞ் சதுரம். உள்ளே ஒரு கோடும் இல்லை. அப்பொருள் யாது? கனசதுரம் என்று எவரும் உடனே விடை கூறுவர். அது சரியே, ஆனால் அது மட்டுமே விடை என்று கொள்வது தவறு. கனசதுரத்தை மூலைவாட்டில் சரிவாக அறுத்துப் பாதியை நீக்கினாலும், சரிவுப் பக்கம் முன்னும் மேலும் நோக்குமாறு வைத்தால் அவ்விரு தோற்றங்களும் மாறா. சரிவுக்கு மாறாக வெளியே புடைத்த கால்வட்ட வளைவாகச் செதுக்கினாலும் மாறா. உட்குழிந்த கால்வட்டமாகக் குடைந்தாலும் மாறா. பக்கம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், முதற்பொருளின் கனஅளவு 1000 கன சென்டிமீட்டர், புடைத்த வளைவுடையது ஏறத்தாழ 785, சரிவானது 500, குழிந்தது ஏறத்தாழ 215. முன்னும் மேலும் பார்த்தவன் கண்ணுக்கு நான்கும் ஒன்றே. பக்கத்தில் சென்று பார்த்தவனே வேறுபாட்டை அறிவான்.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் கட்டடக் கலைஞரும் கல்தச்சரும் ஆவர். உரோம நாட்டு விட்ருவியஸ், கட்டடத்தின் தரைப்படத்தையும் முகப்புப் படத்தையும் தனித்தனியே வரைதல் வேண்டுமென ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுதி வைத்தார். ஐரோப்பாவின் பெருங்கோயில்களில் வளைந்த கூரைகளை எழுப்பிய கல்தச்சர்கள், ஒவ்வொரு கல்லையும் மேலே ஏற்றுமுன் கீழேயே அதன் ஒவ்வொரு முகத்தையும் கணித்துச் செதுக்க வேண்டியிருந்தது. அவ்வித்தையை ஆசான் மாணாக்கனுக்குக் கையோடு கையாகக் காட்டிக் கொடுத்தான். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் தம் தாய்மொழியிலேயே அளவைக் கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிலிபேர் டெலார்ம் 1567இல் கல் செதுக்கும் முறைகளை அச்சேற்றினார். ஆயினும் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உத்தி இருந்ததேயன்றி, எல்லாவற்றையும் தழுவிய பொதுவிதி இருந்ததில்லை. அதனை வகுத்தவர் காஸ்பார் மோன்ஜ்.

மோன்ஜ் 1746ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் போன் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு வணிகர். இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கிய மோன்ஜ், தாமே அளவுக் கருவிகளைச் செய்து 1764இல் தம் ஊரின் படத்தைப் பெரிய அளவில் வரைந்தார். அதனைக் கண்ட படை அதிகாரி ஒருவரின் பரிந்துரையால் மெசியேர் நகரின் அரசப் படைப் பொறியியற் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் எத்தகைய இடம்? அதிகாரிகளாகப் பயிற்சி பெறும் உரிமை உயர்குடிப் பிள்ளைகட்கே இருந்தது. வணிகர் மகனுக்குக் கிடைத்தது படம் வரையும் வேலையும், சாந்தில் மாதிரிகள் செய்யும் பட்டறையுமே.

அப்பட்டறையில் ஒருநாள் அவரிடம் ஒரு கணக்கு ஒப்படைக்கப்பட்டது. கோட்டை ஒன்றின் உள்ளிடங்களில் எதுவும் பகைவரின் பீரங்கிக்கு நேராக அமையாதவாறு மதில்களின் உயரத்தையும் அமைப்பையும் காணவேண்டும். எண்களை அடுக்கடுக்காகப் பெருக்கிக் கழித்து நெடுநாள் செய்யும் வேலை அது. மோன்ஜ் எண்கணக்கை விடுத்து வடிவ முறையால் விரைவில் முடித்துக்கொண்டு வந்தார். இவ்வளவு விரைவில் முடிந்திருக்க இயலாது என்று கூறி, மேலதிகாரி முதலில் அதனைப் பார்க்கவே மறுத்துவிட்டார். பின்னர் ஆராய்ந்து பார்த்தபொழுது விடை சரியாயிருந்தது. அன்று முதல் அம்முறை அப்பள்ளியின் உடைமையாயிற்று. வெளியே எவர்க்கும் சொல்லலாகாத படை இரகசியமும் ஆயிற்று.

முறை மிக எளிது. அன்பர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தடித்த அட்டையை நடுவே மடித்து, ஒரு பாதி தரையிலும் மறுபாதி சுவர்போல் செங்குத்தாகவும் நிற்குமாறு வைக்க. அவற்றிற்கு முன்னே ஒரு தீப்பெட்டியைப் பிடிக்க. பெட்டியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தரைக்கு நேர் கீழாக ஒரு கோடும், சுவருக்கு நேர் எதிராக ஒரு கோடும் இழுத்ததாக எண்ணிக்கொள்க. தரையில் விழும் உருவம் மேல்தோற்றம். சுவரில் விழும் உருவம் முன்தோற்றம். பின்னர்ச் சுவர்ப்பாதியைப் பின்புறமாகச் சாய்த்துத் தரையோடு தட்டையாக்குக. இப்பொழுது இரு தோற்றங்களும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு மூலைக்கும் உரிய இரு புள்ளிகள் ஒரே செங்கோட்டில் அமையும். அச்செங்கோடே, தட்டையான தாளிலிருந்து திரண்ட பொருளை மீட்டெடுக்கும் திறவுகோல். இரண்டும் போதாத இடத்தில் மூன்றாவது தோற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மறைந்த விளிம்புகளை இன்று விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளாற் காட்டுகின்றோம்.

முப்பது ஆண்டுகள் அளவும் மதிலுக்குள் இருந்த அவ்வறிவு, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வெளிவந்தது. 1795இல் பாரிசு நகரில் ஆசிரியப் பயிற்சிக்காக நாட்டின் பல பகுதிகளினின்றும் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர்முன் மோன்ஜ் தம் முறையை விரித்துரைத்தார். அவ்வுரைகள் சுருக்கெழுத்தில் பதிவு செய்யப்பெற்று அச்சாயின; 1799இல் நூலாகவும் வெளிவந்தன. நாட்டின் தொழில் பிற நாடுகளை நம்பி நிற்றலாகாது. கைவினைஞரும் பொறிஞரும் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று வேண்டும். அம்மொழி இதுவே என்பது அவர்தம் கருத்து. 1794இல் நிறுவப்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியிலும் இது முதன்மைப் பாடமாயிற்று. அங்குப் பயின்ற கிளாடியஸ் குரோசே 1816இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் பள்ளிக்கு இதனைக் கொண்டு சென்றார்.

நெப்போலியனுக்கு அணுக்கராயிருந்த மோன்ஜ், அவர் வீழ்ந்தபின் தாமும் வீழ்ந்தார். 1816இல் அறிவியற் கழகத்தினின்றும் நீக்கப்பட்டார். 1818இல் அவர் மறைந்தபொழுது, இறுதிச் சடங்கிற்குச் செல்லலாகாதென அக்கல்லூரி மாணவர்க்கு ஆணை பிறந்தது. மாணவர் ஆணையை மீறவில்லை. மறுநாள் திரண்டு சென்று கல்லறையில் மலர் வளையம் வைத்தனர். 1989இல் அவருடைய உடலெச்சங்கள் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மாளிகைக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

பொதுமொழி என்றோம்; ஆனால் அம்மொழிக்கும் இரு வழக்குகள் உண்டு. மேல்தோற்றத்தை முன்தோற்றத்தின் கீழே வரைவது முதற்கோண முறை. மேலே வரைவது மூன்றாங்கோண முறை. ஐரோப்பிய நாடுகளில் முன்னதும் அமெரிக்காவிற் பின்னதும் பெருவழக்கு. நம் நாட்டுத் தரநிலை முதற்கோண முறையை ஏற்றுள்ளது. தாளின் மூலையில் உள்ள சிறு கூம்புக் குறியே எம்முறை என்பதை அறிவிக்கும். அக்குறியைக் கவனியாமற் போனால், வலப்புறம் இடப்புறமாகும். கண்ணாடியில் தோன்றும் பிம்பம் போன்ற உறுப்பு உருவாகும். அளவெல்லாம் சரியாயிருந்தும் இயந்திரத்திற் பொருந்தாது கழிக்கப்பட்ட அத்தகைய உறுப்பொன்றை நாம் நேரிற் கண்டதுண்டு. அதனைக் கடைந்தவர் கைத்திறனிற் குறைந்தவர் அல்லர். படத்தைப் படித்த வகையிலேயே பிழை நேர்ந்தது.

தோற்றங்களினின்று பொருளை உய்த்துணரும் இப்புதிர், தொழிற்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டபின், மனித உடலின் நிழலும் தட்டையான படமாயிற்று. ஒரு படத்தில் எலும்பும் சதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். பல திசைகளிலிருந்து பெற்ற நிழல்களைக் கொண்டு உள்ளமைப்பை மீட்கலாம் என்பதற்கான கணிதத்தை 1917இல் ராடன் என்பார் நிறுவினார். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை அவ்வாறு படம் பிடித்தது. அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, நிழல்களினின்று உருவத்தை விரைவாக மீட்கும் கணித முறையொன்றை வெளியிட்டார். இன்றைய சி.டி. ஸ்கேன் கணக்கீடுகளில் அவ்விருவர் பெயராலேயே ஒரு வடிப்பான் வழங்குகின்றது. மெசியேர்ப் பட்டறையில் எழுந்த வினா ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் மருத்துவமனையை அடைந்தது. அப்பாதையின் ஒரு படி நம்மவர் கையால் அமைந்தது என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

இன்று கணிப்பொறித் திரையில் பொருளைச் சுழற்றிச் சுழற்றிக் காணலாம். வரைபலகையும் நீலப்படமும் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டன. எனினும், மனத்தில் ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கும் ஆற்றலைக் கருவி தாராது, பழக்கமே தரும். ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். விழா முடிந்து வீடு திரும்பியபின், ஒரு முள்ளங்கித் துண்டையும் கத்தியையும் எடுத்து, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அம்மூன்று துளைகட்கும் உரிய தக்கையைச் செதுக்கிப் பாருங்கள். முதல் முறை தவறும். அத்துண்டு சாம்பாருக்கு ஆகும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ சரியாக அமையும். அப்பொழுது, படம் வரையும் மேசைக்கு அப்பால் இடம் மறுக்கப்பட்ட வணிகர் மகன் ஒருவர் அம்மேசையிலிருந்தே உலகுக்கு வழங்கிய மொழியில், நம் பிள்ளைகள் முதற்சொல்லைப் பேசியிருப்பார்கள்.