வில்லியனூரிலிருந்து வீராம்பட்டினம் வரை

போன மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். மூலையில் துணி போர்த்திக் கிடந்த என் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து, "தாத்தா, இதை இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றான்.

"அதுலதான்டா எல்லாம் இருக்கு" என்றேன்.

எல்லாம் என்றால் பெரிய சொத்து ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய பாடு விவரங்கள். ஏரியில் எந்தப் பாடு எங்கே, சுத்துவலைக்கு முறை எப்படி வந்தது, சீட்டு எப்படி எடுத்தார்கள், தலைக்கட்டில் யார் யார் என்றெல்லாம் இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏற்றியது. சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மறுபடி கேட்க முடியாது.

பென் டிரைவில் எடுக்கலாம் என்றால், நம் ஊர் உப்புக்காற்றில் அதைச் செருகும் துளைகள் எல்லாம் துருப்பிடித்து விட்டன. எப்படியோ தப்பியது கேபிள் செருகும் இடம் ஒன்றுதான். பேரன் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் நீலநிற கேபிள் ஒன்றை மாட்டினான். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டுமாம். அதைக் கொடுத்தான். பழையதில் அந்த ஃபோல்டரைப் பொதுவாகத் திறந்து வைத்தான். அரை மணி நேரம் திணறி, கடைசியில் புதிய திரையில் என் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் "இந்த ஃபைலைக் கொடு" என்று எப்படிக் கேட்க வேண்டும், அது எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு முதலில் விதி எழுதியவர் நம் நாட்டுக்காரர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரல் 16 அன்று அதை வெளியிட்டார். எஃப்.டி.பி. என்று இன்றும் சொல்வது அதன் வழி வந்ததுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பேர் போன மீனவ ஊர். நம்மைப் போலவே கடலை நம்பிய ஜனங்கள்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். சுற்றுக் கிராமங்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அப்போது கிராமத்தில் டெலிபோன் அபூர்வம். இருந்தாலும் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வயர்லெஸ் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். பேச்சும் போகும், எழுத்தும் போகும். கரன்ட் நின்றால் கைகொடுக்க சூரிய ஒளித் தகடு. இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். மையத்தைக் கவனித்துக்கொண்ட தொண்டர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள்.

வில்லியனூரில் இருப்பவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை எடுப்பார்கள். அது வீராம்பட்டினத்துக்கு வந்து சேரும். ஆனால் மீனவர் யாரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரவில்லை. கடற்கரையைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டினார்கள். இன்றைக்கு அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று தமிழில் கேட்டுவிட்டு, வலை பின்னிக்கொண்டே போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். போர்க்கப்பலுக்காகக் கணித்த அலை, கட்டுமரக்காரர் காதுக்கு வந்தது. 2000-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே ஆள் அனுப்பி இதை எழுதியது.

அந்த மையங்களில் ஒன்று பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் நம் நேரப்படி காலை 6.29-க்கு நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்கு யாரும் சொல்லவில்லை. பழவேற்காட்டில் நமக்குத் தெரிந்தபோது தண்ணீர் காலடியில் இருந்தது.

நல்லவாட்டுக்குச் செய்தி சிங்கப்பூரிலிருந்து வந்தது. அந்த மையத்தில் முன்பு தொண்டராக இருந்து, அங்கே வேலைக்குப் போன ஒருவர், டி.வி.யில் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே ஊரைக் கிளப்பச் சொன்னார். மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து, அலை உயரம் சொல்ல வைத்திருந்த அதே ஒலிபெருக்கியில் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஏறத்தாழ 3,600 பேர் இருந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை.

அன்றைக்கு வேலை செய்தது கம்ப்யூட்டர் அல்ல. ஒரு டெலிபோனும் ஒரு ஒலிபெருக்கியும்தான் என்று சிலர் சொல்வார்கள். நிஜம்தான். ஆனால் தினமும் அதில் அலைச் செய்தி கேட்டுப் பழகியிருந்தார்கள். அந்தக் குரலை நம்பலாம் என்று ஊருக்குத் தெரியும். கதவை உடைத்தவர்களுக்கு எதை எடுக்க வேண்டும் என்று தெரியும். தினசரிப் பழக்கம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு உதவியது.

பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் நம் நாட்டுச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்று அலை விவரம் ஒவ்வொருவர் சட்டைப்பை போனிலும் வருகிறது. நல்லதுதான். ஆனாலும் போன் இல்லாத கிழவிக்கும், எழுத்துத் தெரியாதவருக்கும் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

பேரன் கிளம்பும்போது, "எல்லாம் புதுசுக்கு வந்துடுச்சு தாத்தா, இனி கவலை இல்லை" என்றான். யோசித்துப் பார்த்தேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. பாடு விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மூன்று குப்பத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கப் போகிறேன். படித்துக் காட்டவும் நானே வருகிறேன். தப்பிருந்தால் அங்கேயே திருத்திச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பெட்டி மூலையில் கிடந்தால், பேரப்பிள்ளைகள் லீவில் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.