சயரோகமும் சமன்பாடுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

சயரோகம் ஒரே கிருமியினால் ஏற்படுவதெனினும் எல்லாக் குடித்தொகைகளிலும் ஒரே வகையாகப் பரவுவதில்லை. 1882இல் றொபேட் கொக் அக்கிருமியை இனங்காட்டிய பின்னரும் இவ்வேறுபாட்டுக்கான விளக்கம் நீண்டகாலம் இனக்கோட்பாட்டிலேயே தேடப்பட்டது. ஆபிரிக்கரின் உடல் இந்நோய்க்குப் பழக்கப்படாதது என்ற கருத்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் குடியேற்றநாட்டு மருத்துவரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. இத்தகைய கருத்துக்களைப் பரிசீலிப்பதற்குக் கணிதமுறை ஆய்வு ஒரு கருவியாயிற்று.

முதல் மாற்றம் புள்ளிவிபரங்களை நோக்கும் முறையில் ஏற்பட்டது. 1930இல் நோர்வே நாட்டு அன்ட்வோட்டும், 1939இல் வெளியான கட்டுரையில் அமெரிக்கரான வேட் ஹாம்ப்டன் புறொஸ்ற்றும் மரணங்களைத் தலைமுறைவாரியாக ஆராய்ந்தனர். மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1930 அளவில் முதியோரிடையே இந்நோயால் இறப்போர் வீதம் உயர்ந்திருந்தது. ஆயினும், அதே தலைமுறை தன் இளமைக்காலத்தில் அதனிலும் உயர்ந்த இறப்பு வீதத்தைக் கடந்து வந்திருந்தமையைப் புறொஸ்ற் காட்டினார். முதுமையின் பலவீனமெனத் தோன்றியது பெரும்பாலும் கடந்தகாலத் தொற்றின் எச்சமே.

1962இல் பெங்களூர்த் தேசிய சயரோக நிறுவனத்திற் பணிபுரிந்த வாலர், கேசர், அன்டர்சன் ஆகியோர் முழுமையான மாதிரியுரு ஒன்றை வெளியிட்டனர். மக்களைத் தொற்றாதோர், தொற்றியும் நோயுறாதோர், நோயுற்றோர் என வகுத்து, ஒரு பிரிவினின்று மற்றதற்கு அவர்கள் செல்லும் வீதங்களை அவர்கள் சமன்பாடுகளாக அமைத்தனர். இரண்டாம் பிரிவே இந்நோயின் தனித்தன்மையைக் காட்டுவது. தொற்றியோருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையினரே தம் வாழ்நாளில் நோயுறுவர். அதுவும் பல ஆண்டுகள் கழித்து நேரலாம்.

இவ்வீதங்கள் இயற்கை வகுத்த மாறிலிகளா? தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. நெரிசல் மிக்க தொழிலாளர் விடுதிகள் தொற்றும் வீதத்தை உயர்த்தின. நுரையீரலிற் படிந்த சிலிக்காத் தூசு, தொற்றியோர் நோயுறும் வீதத்தை உயர்த்தியது. நோயுற்றோர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டமையாற் கிராமங்களிலும் நோய் பரவியது. றண்டல் பக்காட் 1989இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது. இனத்தின் இயல்பெனக் கூறப்பட்டது, மலிவான உழைப்பை நாடிய பொருளாதார அமைப்பின் விளைவேயாகும்.

எனவே, ஒரு குடித்தொகையிற் கணித்த வீதத்தைப் பிறிதொன்றுக்கு அவ்வாறே பொருத்துதல் தவறாகும். சமன்பாட்டின் வடிவம் பொதுவானதாயிருக்கலாம். அதில் இடப்படும் எண்களையோ வீடும் உணவும் கூலியும் வேலைத்தலமும் நிர்ணயிக்கின்றன. மருந்து நோயுற்றோர் தொகையைக் குறைக்கும். ஆயின், தொற்றியோரை நோயாளராக்கும் சூழல் மாறாதவிடத்து அப்பிரிவு மீண்டும் நிரம்பவே செய்யும்.