கோப்பிக்கடை நாற்காலியின் கதை

பழைய கோப்பிக்கடைக்குப் போனால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முதுகுச் சட்டமும் பின்கால்களும் தனித்தனித் துண்டுகள் இல்லை. ஒரே கம்பு ஒரு காலாகக் கிளம்பி, முதுகாக வளைந்து, மறு காலாக இறங்குகிறது. மரத்தை எப்படி இப்படி வளைச்சாங்க என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை.

இந்த வடிவத்துக்கு மூலவர் மிக்கேல் தோனெட். 1796இல் ரைன் நதிக்கரையில் உள்ள போப்பார்டில் பிறந்த தச்சர். முதலில் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையில் வேகவைத்து வளைத்து ஒட்டினார். பார்க்க அழகுதான். ஆனால் ஈரக்காற்றில் பசை விட்டுவிடும். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது சரிப்பட்டு வராது.

ஆகவே முழுக் கம்பையே வளைக்கப் பார்த்தார். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்தால் இளகும். ஆனாலும் வளைக்கும்போது வெளிப்பக்கம் பிளந்துவிடும். காரணம், வெந்து இளகிய மரம் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதை அவ்வளவாகத் தாங்காது. தோனெட் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டினார். நீள வழியில்லாத மரம் உள்பக்கமாக நசுங்கி வளைந்தது. அவ்வளவுதான் ரகசியம். 1856இல் வியன்னா அரசு அதற்கு உரிமம் கொடுத்தது.

1859இல் வந்தது 14ஆம் எண் நாற்காலி. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள். கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். 1869இல் உரிமம் முடிந்ததும் மற்ற ஆலைகளும் இறங்கின. மலாயாவின் கோப்பிக்கடைகளுக்கும் அந்த வரிசை வந்து சேர்ந்தது.

வரலாறு தோனெட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. ஆனால் ஆவி பறக்கும் கம்பை ஆறுவதற்குள் அச்சில் மடக்கியவர்கள் மொராவியக் கிராமத்து ஆண்கள். தேய்த்து மெருகேற்றி, இருக்கைக்குப் பிரம்பு பின்னியவர்கள் பெண்கள். அந்தப் பிரம்பு ஐரோப்பாவில் விளையாது. நம் பக்கத்துக் காடுகளில் யாரோ முள்ளில் கை கிழித்துக்கொண்டு இழுத்து வந்தது. சிங்கப்பூர் அந்த வியாபாரத்தின் பெரிய துறைமுகம்.

இப்போது பல கடைகளில் பிளாஸ்டிக் நாற்காலி. பழையது 'டிசைன்' என்ற பெயரில் பணக்கார வீட்டு வரவேற்பறைக்குப் போகிறது. அருங்காட்சியகத்திலும் நிற்கிறது, பக்கத்தில் தோனெட் பெயர்ப்பலகையோடு. பிரம்பு வெட்டியவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த தடவை அதில் உட்காரும்போது அவனையும் நினைத்துக்கொள்வோம்.