சுட்டவர்கள் சொன்ன காரணங்கள்

"உளவியலா? அது பைத்தியம் பார்க்கிற படிப்பு" என்று பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

1942 ஜூலை 13. போலந்தின் யூசெஃபூவ் ஊர். ஜேர்மனியின் ஹம்பர்க் நகரிலிருந்து அனுப்பப்பட்ட 101ஆம் ரிசர்வ் பொலிஸ் படையினர் ஏறத்தாழ 500 பேர். அதிகமானோர் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள், சாதாரணத் தொழிலாளிகள். பைத்தியங்கள் அல்ல.

யூதப் பெண்கள், பிள்ளைகள், முதியோரைச் சுட வேண்டும் என்ற கட்டளையை மேஜர் ட்ராப் அழுதுகொண்டே சொன்னார். ஜேர்மனியில் நம் பெண்கள், பிள்ளைகள் மீதும் குண்டு விழுகிறதே என்று காரணமும் காட்டினார். முடியாதவர் விலகலாம் என்றார். உடனே விலகியவர் ஒரு டசின் பேரளவில்தான். அன்று மாத்திரம் சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள்.

1960களில் நடந்த விசாரணையில் ஓர் உலோகத் தொழிலாளி சொன்னதுதான் என்னை உலுக்கியது. பக்கத்தில் நின்றவர் தாய்மாரைச் சுட்டாராம். தாய் இல்லாமல் பிள்ளை வாழாதே என்று இவர் பிள்ளைகளைச் சுட்டாராம். கொலைக்கு அவர் வைத்த பெயர் இரக்கம்!

இந்த வாக்குமூலங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங், ஆவணங்களோடு நிற்காமல் உளவியல் ஆய்வுகளையும் தேடிப் போனார். 1992இல் வெளியான அவரது நூல் சொல்வது: மறுத்தவர்களுக்குப் பெரிய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. கூட்டாளிகள் கோழை என்று நினைப்பார்களே என்ற கூச்சமே பலரை வரிசையில் நிறுத்தி வைத்தது.