குருவில்லாத இருபத்தொன்பது ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் பெருந்தொற்றின் பொருட்டு ஆலயக் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டின் புனித வாரமும் உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களின்றியே கடந்துபோயின. அந்நாள்களில் கள்ளிக்குப்பத்து இல்லங்களிலிருந்து தொலைபேசி வழியே நம்மை வந்தடைந்த கேள்வி ஒன்றே: "சாமி, பூசை எப்போது கிடைக்கும்?" அது வேதகலாபனை அன்று, எல்லாருடைய நலனையும் கருதி வந்த தடையே. ஆயினும் சில மாதங்களுக்குள் நாம் எவ்வளவு வாடிப்போனோம்! பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி ஒரு தலைமுறையே வாழ நேர்ந்தால் விசுவாசம் என்னவாகும் என்ற எண்ணம் அப்போது நெஞ்சில் எழுந்தது. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்கள் வரலாற்றில் உண்டு. அவர்கள் நம் தாய்மொழியையே பேசியவர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழ்ந்தவர்கள்.

1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியில் ஆலயங்கள் எழுந்தன. ஞானஸ்நானம் பெற்றோர் தொகையும் பெருகியது. ஆனால் உண்மையைச் சொல்ல நாம் தயங்கலாகாது. அதே ஆட்சியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. அரசின் தயவை நாடித் திருமுழுக்குப் பெற்றவர்களும் உண்டு. வாளின் நிழலில் வளர்ந்த திருச்சபை, அந்நிழல் அகலும் நாளில் என்னவாகும் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அந்நாள் 1658இல் வந்தது. கால்வினியக் கொள்கையினரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் வழிபாட்டுக்கு மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று சட்டம் பிறந்தது. நம்மைக் கலங்கடித்தவர்களும் கிறிஸ்துவின் நாமத்தையே அறிக்கையிட்டவர்கள் என்பது இவ்வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

வேதகலாபனை என்றதும் சிங்கத்தின் வாயும் கொலைவாளுமே நம் கண்முன் தோன்றும். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் பதிவேட்டின் உருவில் வந்தது. பிள்ளையின் ஞானஸ்நானமும் திருமணமும் ஒல்லாந்தச் சபையின் ஏட்டில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் திருமணம் செல்லாது, பிள்ளைக்குப் பிதிரார்ச்சிதச் சொத்தில் உரிமை நிலைக்காது. எனவே பலர் பகலில் அவர்களது ஆலயத்திற்குச் சென்று பெயரைப் பதிந்தனர். இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு செபமாலை சொல்லினர். வேறு சிலரோ ஊரையே துறந்தனர். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவதாயின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்றும், அவர்கள் தங்கிய இடமே இன்றைய மடுத் திருத்தலம் என்றும் மரபு கூறுகிறது.

பகலில் பணிந்து இரவில் செபித்தவர்களைக் கோழைகள் என்பதா? இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. 250ஆம் ஆண்டில் தேசியுஸ் பேரரசன் செய்த கலாபனையில் தவறியவர்களைக் குறித்துக் கார்த்தேசு ஆயரான புனித சிப்ரியான் இதே கேள்வியோடு போராடினார். தவறியவர்களுக்குத் திரும்பி வரும் வழியே இல்லை என்போரை அவர் ஏற்கவில்லை. தவறியது ஒன்றுமே இல்லை என்போரையும் ஏற்கவில்லை. தவத்தின் வழியாக அவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார். யாழ்ப்பாணத்து மக்களுக்கும் அத்தகைய கதவு ஒன்று தேவைப்பட்டது. அதைத் திறக்கக் குரு ஒருவர் வந்தாக வேண்டும்.

1687இல் அவர் வந்தார். தூத்துக்குடிக் கரையிலிருந்து தோணியேறி, கந்தலுடுத்த கூலியாளாக யாழ்ப்பாணத்தில் இறங்கியவர், கோவா நாட்டில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார். உடன் வந்தவர் யோவான் என்னும் இளைஞர் ஒருவரே. இறங்கியதும் கடும் வயிற்றுக்கடுப்பு அடிகளாரை மரணத்தின் வாயில்வரை கொண்டு சென்றது. நோய் நீங்கியபின் கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். பிச்சையிட்டவர்களின் கண்கள் அச்செபமாலையில் தங்குகின்றனவா என்பதே அவர் நாடிய அடையாளம். தங்கின! சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்குப் புகலிடமாயிற்று. நிலையான குரு எவருமின்றி இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் அங்கே செபம் அணைந்திருக்கவில்லை. அதை யார் காத்தனர்? ஆயரல்லர், துறவியரல்லர், அரசனும் அல்லன். வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்த முதியோரே காத்தனர்.

அடிகளார் அந்த வேரின்மீதே கட்டினார். ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமர்த்தி, தாம் இல்லாத நாள்களில் செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்கள் கையில் ஒப்படைத்தார். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் தனியொரு குருவாகவே தீவெங்கும் நடந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிட்டனர். பின்னர் அந்நாட்டின் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் பாதுகாவலன் ஆனான். கிறிஸ்தவர் துரத்திய குருவைப் பௌத்தர் காத்தனர் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றிப் பேணி அக்கடனை அடிகளார் தீர்த்தார்.

1711 சனவரி 16 அன்று அவர் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அன்றும் ஒல்லாந்தரே கடற்கரைகளை ஆண்டனர், சட்டங்களும் மாறவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை ஆங்கிலேய அரசு 1806இல்தான் நீக்கியது. 1658இலிருந்து கணக்கிட்டால் 148 ஆண்டுகள்! இரவில் செபித்த தாயும் விடுதலையைக் காணவில்லை, அவள் பேத்தியும் காணவில்லை, அடிகளாரும் காணவில்லை.

இங்குதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் ஆழம் விளங்குகிறது. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று நாம் இளமையில் மனப்பாடம் செய்தோம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அந்த நடுப் புண்ணியம் 'எதிர்நோக்கு' என்று பெயர் பெற்றது. 2025ஆம் யூபிலி ஆண்டில் அச்சொல் நம் ஆலயங்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. நிலைமை விரைவில் சீராகும் என்ற கணிப்பன்று எதிர்நோக்கு. கணிப்பு பொய்த்தால் மனிதன் சோர்ந்துவிடுவான். வருகிறவர் இறைவன் என்பதால், தன் காலத்தில் பலன் கிட்டாவிட்டாலும் இன்றைய கடமையைச் செய்வதே எதிர்நோக்கு.

2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 2008இல், போரின் நெருக்கடியால் மடு மாதாவின் திருச்சுரூபம் மீண்டும் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டு, சில மாதங்களில் திரும்பி வந்தது. அந்த மண்ணின் போருக்குத் தப்பி வந்தவர்கள், நம் கள்ளிக்குப்பத்திற்கு வடக்கே ஏரிக்கப்பால் புழல் முகாமில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு இவ்வரலாறு ஏட்டில் படித்த கதையன்று.

நமக்கோ இன்று பூசை உண்டு, பங்கு உண்டு, அன்பியங்கள் உண்டு. நாளை ஆலயக் கதவு அடைபட்டால், நம் வீட்டில் செபத்தைத் தொடங்கப்போகிறவர் யார்? சில்லாலையின் முதியோர் நம்மிடம் விட்டுச்சென்ற கேள்வி அதுவே. அதற்கான விடையை இன்றிரவே, நம் பிள்ளைகளின் அருகில் முழந்தாளிட்டுத் தேடத் தொடங்குவோம்.