துரும்பின் பூர்வீகம்

கிழக்கிலங்கையின் பாண்டிருப்பில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள், மற்ற வகைச் சீட்டுகளை வெட்டும் வகையைத் ‘துரும்பு’ என்பார்கள். சூதில் தோற்ற பாண்டவரின் வனவாசத்தை நினைந்து, திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீப்பள்ளயம் என்ற தீமிதி விழா நடத்தும் ஊர் இது. ஆட்டத்தை இலேசாக எடுக்காது. ஆனால் ஆட்டத்தின் வலிய சீட்டுக்கு வைக்கோல் துண்டின் பெயர் எப்படி வந்தது?

வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. துரும்பாக வந்தால் வெறும் ஏழும் வேறு வகை ஜாக்கை வெட்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும். அழகுதான். ஆனால் சிங்களவரும் இதைத் ‘துரும்பு’ என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு வைக்கோல் ‘பிதுரு’. பழமொழி இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆக, சொல் கப்பலில் வந்தது. ஆங்கில ‘ட்ரம்ப்’, ஒல்லாந்த ‘த்ரூஃப்’, போர்த்துக்கேய ‘த்ரூன்ஃபு’ மூன்றுக்கும் ஒரே பொருள். போர்த்துக்கேய ‘துவால்யா’ நமக்குத் துவாய். அதற்கு ஆங்கிலம் தந்தது டவல். ஆங்கிலச் சொற்களின் முதல் ‘t’ நம் வாயில் பெரும்பாலும் டகரமாகும். துரும்பில் தகரம். இதனால் ஆங்கிலம் பின்தங்குகிறது. ஒல்லாந்தம் விலகவில்லை, ‘கன்தோர்’ நமக்குக் கந்தோர் ஆகியிருக்கிறதே. ஒல்லாந்தத்தைத் தள்ளுவது மெல்லெழுத்து. ‘த்ரூஃப்’பில் அது இல்லை. தமிழகத்துத் ‘துருப்பு’க்கு அந்த ஒலி பொருந்தலாம். துரும்புக்கு ‘த்ரூன்ஃபு’வே நெருக்கம்.

ஒரு முட்டுக்கட்டை: சிங்களத்தில் சீட்டு வகைகளின் பெயர்களான ஹாரத, ருவித, கலாபர, இஸ்கோப்ப நான்கும் ஒல்லாந்தம். முந்நூற்று நாலில் புள்ளிகள் இவை: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. வகைக்கு 76, நான்குக்கும் 304. ஜாக்கும் ஒன்பதும் முந்தி நிற்கும் இந்த வரிசையும் ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தின் துரும்பு வரிசையை ஒத்தது. துரும்பு மட்டும் ஏன் போர்த்துக்கேயம்?

விடை வடக்கே, மட்டக்களப்பில் இருக்கலாம். 1638இல் அங்கே கோட்டையை ஒல்லாந்தர் பிடித்த பின்னும் போர்த்துக்கேயம் மறையவில்லை. பின்னாளில் ஒல்லாந்தர் வீடுகளிலேயே அது புழங்கியது. மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் அதன் கிளைமொழியை இன்றும் பேசுகிறார்கள். ஒல்லாந்தச் சீட்டைப் போர்த்துக்கேயம் பேசியபடி ஆடியிருந்தால் இந்தக் கலப்பு இயல்பே. இது ஊகம், பத்திரச் சான்று அல்ல.

அதற்கு அப்பால் தடம் தெளிவு. ஆங்கில, ஒல்லாந்த, போர்த்துக்கேயச் சொற்கள் மூன்றும் இலத்தீன் ‘த்ரியும்ஃபுஸ்’ஸின் பேரர்கள். வென்ற தளபதி உரோமுக்குள் வரும் பவனிக்கு அந்தப் பெயர். இத்தாலியில் அது ‘த்ரியோன்ஃபி’ என்ற சீட்டாட்டமாயிற்று. 1440இல் ஒருவருடைய நாட்குறிப்பில், புளோரன்சில் செய்த அத்தகைய சீட்டுக்கட்டு பதிவாகியிருக்கிறது. எனவே போர்த்துக்கேயத்துக்கு நான் தந்த தீர்ப்பு தவறினாலும் இலத்தீன் நிற்கும். அந்த இலத்தீன் சொல்லும் கிரேக்க ‘த்ரியம்போஸ்’ஸிலிருந்து, எத்ருஸ்கர் வழியாக வந்தது என்பது பலர் கொள்கை. அது தியோனிசுஸ் கடவுளுக்குப் பாடிய துதி.