பர்ன்அவுட்: டிராக் பந்தயத்தில் டயர் சூடேற்றலும் தீ வித்தையும்

டிராக் பந்தயம் என்பது இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான தடத்தில் பொதுவாகக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தொலைவை எது முதலில் கடக்கிறது என்று பார்க்கும் மோட்டார் பந்தயமாகும். அது தொடங்குவதற்குச் சற்று முன்னர், எஞ்சின் விசை செல்லும் சக்கரங்களை மட்டும் மிகு வேகத்தில் வழுக்கிச் சுழலவிட்டு, அவற்றின் டயர்களைச் சூடேற்றும் செயல் பர்ன்அவுட் எனப்படும். எழும் புகையாலும் இரைச்சலாலும் அது வேடிக்கையாகத் தோன்றினாலும் பந்தயத்தின் ஆயத்தப் பணிகளுள் ஒன்றேயாகும். அதனோடு நெருப்பைச் சேர்த்துச் செய்யப்பட்ட வித்தையோ அப்பணிக்கு எவ்வகையிலும் பயன்படாதது.

இப்பந்தயம் முறைப்படுத்தப்பட்டது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய கார்களைப் பிரித்து வேகமாக ஓடும்படி மாற்றிய இளைஞர்கள் பொதுச் சாலைகளில் போட்டியிட்டு வந்த நிலையில், 1950இல் சாண்டா ஆனா நகர விமான நிலைய ஓடுபாதையில் கட்டணம் பெற்று நடத்தப்படும் பந்தயம் தொடங்கியது. மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்தில் சாதாரண டயர்களே பயன்பட்டன. 1950களில் எம் அண்ட் எச் போன்ற நிறுவனங்கள் பந்தயத்திற்கென்றே ஸ்லிக் டயர்களை, அதாவது வெட்டுப்பள்ளங்கள் இன்றி மேற்பரப்பு முழுவதும் தரையில் படியும் மென்ரப்பர் டயர்களை, உருவாக்கின. எனினும் எஞ்சின்களின் ஆற்றல் டயர்களின் பிடிப்பைவிட விரைவாக வளர்ந்தமையால், 1960களின் நடுப்பகுதி வரை உயர்பிரிவு வண்டிகள் தடத்தின் பெரும்பகுதியைப் புகை கக்கியபடியே கடந்தன. அப்புகை ஆற்றலின் அடையாளமாகப் போற்றப்பட்டாலும், உண்மையில் அது வீணாகிய ஆற்றலேயாகும். 1960களின் இறுதியில், புறப்படும் நொடியில் பக்கச்சுவர் சுருங்கி மடிந்து தரையை அள்ளிப் பிடிக்கும் மென்சுவர் ஸ்லிக் டயர்களும், விசையைச் சிறிது நழுவவிட்டுப் படிப்படியாகச் செலுத்தும் கிளட்சுகளும் பரவியபோது, ஓட்டத்தின்போது எழுந்த புகை குறைந்து, ஓட்டத்திற்கு முன் டயரைச் சூடேற்றும் வழக்கம் வேரூன்றியது.

முதலில் பிசின் பொடியைத் தூவி அதன்மேல் டயரைச் சுழற்றினர். பின்னர் துணி வெளுக்கும் ப்ளீச் திரவம் பயன்பட்டது. சூடான ரப்பரில் பட்ட ப்ளீச்சின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரித்தமையால் அது கைவிடப்பட்டு, வெறும் தண்ணீரே போதும் என்ற முடிவுக்குப் பந்தயத்தார் வந்தனர். ஆயினும் தண்ணீர் தேங்கும் அந்த இடத்தை ப்ளீச் பெட்டி என்றே பழையவர்கள் நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தனர்.

செயல்முறை வருமாறு: புறப்பாட்டுக் கோட்டிற்குப் பின்னால் உள்ள ஈரத்தில் பின்சக்கரங்கள் நனையும்படி வண்டி நிறுத்தப்படுகிறது. ஈரம் உராய்வைக் குறைப்பதால் சக்கரம் எளிதில் வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது. சாதாரணக் கார்களில் முன்சக்கர பிரேக்கை மட்டும் பிடித்து வைக்கும் லைன் லாக் என்னும் பூட்டு இதற்கு உதவுகிறது. 2015ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரில் இது மின்னணு வசதியாகத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. பின்னர் வண்டி மெல்ல முன்னேற, நீர் சிதறி அகன்று, ரப்பர் உலர்ந்த தரையில் தேய்ந்து சூடாகிறது. அவ்வெப்பத்தில் மேற்பரப்பு இளகி ஒட்டும் தன்மை பெறுகிறது. ஒட்டியிருந்த மணலும் பழைய ரப்பர்த் துகளும் கழன்றுவிடுகின்றன. தடத்தின்மீது புதிய ரப்பர்ப் படலமும் படிகிறது. எழும் வெள்ளைப் புகையை நீராவி எனப் பலர் கருதினாலும், அதன் பெரும்பகுதி ரப்பரிலுள்ள எண்ணெய்களும் பிற சேர்மங்களும் வெப்பத்தால் ஆவியாகிக் குளிர்ந்து நுண்துளிகளாக மாறியதாகும். உயர்பிரிவு வண்டிகள் புறப்பாட்டுக் கோட்டைக் கடந்து முன்சென்றபின், குழு உறுப்பினர் ஒருவர் எதிரே நின்று கையசைத்து வழிகாட்ட, தாம் பதித்த கறுப்புத் தடங்களின் மேலேயே சக்கரம் படியுமாறு பின்னோக்கி வருகின்றன. ஒரு சாண் விலகினாலும் பிடிப்பு குறையும். பள்ளம் வெட்டிய சாலை டயர்களுக்கு இச்செயலால் பயன் குறைவு என்பதோடு, அப்பள்ளங்கள் நீரைச் சுமந்துவந்து புறப்பாட்டுக் கோட்டை நனைத்துவிடும் ஆகையால், அத்தகைய வண்டிகள் ஈரத்தைச் சுற்றிச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகின்றன.

தீ வித்தை பிறந்தது போட்டியின் தேவையால் அன்று. அழைப்புப் பந்தயங்களின் வணிகத்தால் ஆகும். கண்ணாடியிழை மேற்கூடு போர்த்திய ஃபன்னி கார் வகை வண்டிகளுக்குத் தோன்றல் கட்டணம் கொடுத்து ஊர்ஊராக அழைத்த 1960களின் இறுதியிலும் 1970களிலும், வெற்றியைவிடக் காட்சியே கூட்டம் சேர்த்தது. ‘ஜங்கிள் ஜிம்’ எனப் பெயர்பெற்ற ஜிம் லிபர்மேன் மிக நீண்ட தொலைவுக்குப் புகை பரப்பிச் செல்லும் பர்ன்அவுட்டுகளால் புகழடைந்தது இச்சூழலில்தான். இதன் அடுத்த படியாகச் சிலர் பெட்ரோலையோ, எளிதில் தீப்பற்றும் கரைப்பான் கலந்த ஒட்டுத் திரவத்தையோ சக்கரத்தடியில் ஊற்றிக் கொளுத்தி, எரியும் சக்கரங்களோடு பாய்ந்து செல்லலாயினர்.

இதன் ஆபத்து நெருப்பின் உயரத்தைப் பொறுத்ததன்று. பெட்ரோல் ஏறத்தாழ பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழ்ந்து, ஊற்றிய இடத்திற்கு அப்பால் நிற்பவரின் காலடியையும் அடையக்கூடும். சுழலும் டயர் எரிதிரவத்தை வாரி, சக்கரக்கூட்டின் உட்புறத்திலும் வண்டியின் அடியிலும் இறைக்கிறது; அங்கே எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் உள்ளன. ஃபன்னி காரின் மேற்கூட்டிலுள்ள பிசின் எரியக்கூடியது; ஓட்டுநரோ எஞ்சினுக்குப் பின்னால் அதே கூட்டினுள் அமர்ந்திருக்கிறார். 1959இல் தென்கரோலினாவின் செஸ்டரில் டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் கடும் தீக்காயம் அடைந்தது தீ வித்தையால் அன்று, சூப்பர்சார்ஜர் வெடித்ததாலாகும்; கார்லிட்ஸ் போன்றோர் பட்ட காயங்களுக்குப் பின்னரே தீத்தடுப்பு உடைகள் இப்பந்தயத்தில் படிப்படியாகக் கட்டாயமாயின. வேலையின் போக்கில் நேரும் தீயே இத்தகையது எனில், வேண்டுமென்றே மூட்டும் தீக்கு நியாயம் கூறுதல் இயலாது. தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிகள் இவ்வித்தையைத் தடைசெய்கின்றன.

நெருப்பை நாடாத பர்ன்அவுட்டிலும் தீ நேரலாம். ஆஸ்திரேலியாவில் 1988இல் கான்பராவில் தொடங்கிய சம்மர்நாட்ஸ் விழா போன்றவற்றில் பர்ன்அவுட் தனிப் போட்டியாகவே நடைபெறுகிறது. அங்கே டயர் வெடிக்கும்வரை சுழற்றுவதும் வழக்கமாதலால், கிழிந்த டயர்த் துண்டுகள் குழாய்களை அறுத்து, கசியும் எண்ணெய் சூடான புகைபோக்கியில் பட்டுத் தீப்பிடிக்கிறது. 2017 செப்டம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்சில் நடந்த ரெட் சென்டர் நாட்ஸ் விழாவில் பர்ன்அவுட் வண்டியிலிருந்து வெடித்தெழுந்த தீயால் பத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் காயமுற்றனர். இத்தகைய வண்டிகள் பலவற்றில் பயன்படும் மெத்தனால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத சுடருடன் எரிவதால், எரிபவரை அருகில் இருப்பவர்கூட உணராத நிலை ஏற்படலாம்.

இந்தியாவில் டிராக் பந்தயங்கள் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை உள்ளிட்ட தடங்களில் நடத்தப்படுகின்றன. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றமாகும்.